நார்ச்சத்தும் புரோபயாட்டிக்கும் சேர்ந்த தயிர்த் தின்பண்டம்: சிங்கப்பூரில் தயாரிக்க விரும்புவோருக்கான முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரின் சுகாதார மேம்பாட்டு வாரியம் நாளொன்றுக்கு ஆண்களுக்கு 26 கிராம், பெண்களுக்கு 20 கிராம் நார்ச்சத்தைப் பரிந்துரைக்கிறது. வெள்ளைச் சோறும் மீயும் பிராட்டாவும் தட்டை நிறைக்கும் நம் உணவில் இந்த அளவை எட்டுவது எளிதன்று. தயிர் பலரும் விரும்பி உண்ணும் பண்டம். ஆனால் பாலிலும் தயிரிலும் நார்ச்சத்து இயற்கையாக அறவே இல்லை. ஆகவே, நன்மை தரும் பாக்டீரியாவையும் நார்ச்சத்தையும் ஒரே கிண்ணத்தில் கொண்டுவரும் முயற்சிக்கு உண்மையான தேவை இருக்கிறது.

இத்தகைய பண்டத்தை உருவாக்க முனையும் சிறுதொழில் முனைவோர்க்கும் உணவு அறிவியல் மாணவர்க்கும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. இதன் அடிப்படைக் கருத்து ஒன்றே. கலவை தயாரான நாளை வைத்துத் திட்டமிடக் கூடாது. விற்பனைக் காலத்தின் கடைசி நாளில் கிண்ணத்தைத் திறப்பவருக்கு எத்தனை பாக்டீரியா உயிருடன் கிடைக்கும், எவ்வளவு நார்ச்சத்து கிடைக்கும், வாயில் அது எப்படி இருக்கும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு வர வேண்டும்.

படி 1: எந்த வடிவம்?

பால் தின்பண்டங்களில் பல வடிவங்கள் உண்டு. குளிர்வித்த கெட்டித் தயிர்க் கிண்ணம், உறையவைத்த தயிர்த் துண்டு, உறைநிலையில் உலர்த்திய மொறுமொறுப்பான வில்லை, தயிர்ப் பூச்சிட்ட தானியக் கட்டி ஆகியன கடைகளில் காணப்படுபவை. அடுப்பில் சுடப்படும் எதுவும் சாதாரண லாக்டிக் பாக்டீரியாவுக்கு ஏற்றதன்று. அவை 60 பாகை செல்சியஸுக்கு மேல் சில நிமிடங்களிலேயே பெருமளவில் மடிந்துவிடும்.

முதல் தயாரிப்பாகக் குளிர்வித்த கெட்டித் தயிர்க் கிண்ணத்தையே நான் உறுதியாகப் பரிந்துரைப்பேன். உலர்ந்த வில்லைகளுக்குக் குளிர்பதனம் தேவையில்லை என்பதால் பலர் அவற்றை நாடுகிறார்கள். ஆனால் ஆண்டு முழுவதும் காற்று ஈரமாக இருக்கும் இந்தத் தீவில், பையைத் திறந்த சற்று நேரத்தில் அவை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். உலர்ந்த நிலையில் உறங்கிக்கொண்டிருக்கும் பாக்டீரியாவும் ஈரம் பட்டவுடன் வேகமாக அழியத் தொடங்கும். தின்பண்டத்துக்கு வேண்டிய கொறிக்கும் இன்பத்தைக் கிண்ணத்தின் மூடியில் தனி அறையாக வைக்கும் வறுத்த ஓட்ஸும் பொட்டுக்கடலையும் தந்துவிடும்.

80 கிராம் கிண்ணம், 4 பாகையில் 28 நாள் ஆயுள் என்று வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

படி 2: பாக்டீரியாவைத் தேர்ந்தெடுத்தல்

வீட்டில் உறைமோர் ஊற்றித் தோய்க்கும் தயிரில் உயிருள்ள பாக்டீரியா நிறைய உண்டு. அது நல்ல உணவே. எனினும், போதிய அளவில் உட்கொள்ளும்போது உடல்நலனுக்குப் பயன் தருவதாக ஆய்வில் காட்டப்பட்ட, இன்னதென்று அடையாளம் தெரிந்த உயிருள்ள நுண்ணுயிரைத்தான் புரோபயாட்டிக் என்று குறிப்பிட முடியும். ஒரு நாள் தயிரை மறுநாள் உறையாக ஊற்றிக்கொண்டே போனால் எந்த ரகம் பெருகியது, எது மறைந்தது என்று சொல்ல இயலாது. எனவே விற்பனைக்கான தயாரிப்பில் ஒவ்வொரு முறையும் உறைநிலையில் உலர்த்திய புதிய வித்துத்தூளையே, அதாவது தோய்ப்பதற்கான பாக்டீரியாத் தூளையே, பயன்படுத்த வேண்டும்.

பேரினத்தின் பெயரோ சிற்றினத்தின் பெயரோ போதாது. ரகத்தின் குறியீடும் தேவை. லாக்டிகேசிபாசில்லஸ் ரம்னோசஸ் ஜிஜி, பிஃபிடோபாக்டீரியம் அனிமாலிஸ் லாக்டிஸ் பிபி-12 ஆகிய இரண்டும் மனிதரிடம் மிகுதியாக ஆராயப்பட்டவை. ஒரு ரகத்தின் ஆய்வு முடிவை அதே சிற்றினத்தின் மற்றொரு ரகத்துக்கு உரிமை கொண்டாட முடியாது என்பதால், விலை மலிவாகக் கிடைக்கும் பெயரற்ற தூளை வாங்குவது பின்னர் லேபிளில் எதையும் சொல்ல முடியாத நிலைக்குத் தள்ளும். மேலும், 2020ஆம் ஆண்டில் பழைய லாக்டோபாசில்லஸ் பேரினம் பல பேரினங்களாகப் பிரிக்கப்பட்டது. ஆவணங்களில் பழைய பெயரும் புதிய பெயரும் கலந்து வரும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இந்த ரகங்கள் பாலில் தாமாகவே விரைந்து வளர்வதில்லை. ரம்னோசஸ் ஜிஜியால் பாலிலுள்ள லாக்டோஸைப் பயன்படுத்திக்கொள்ள முடியாது. பிஃபிடோபாக்டீரியத்துக்கு ஆக்ஸிஜன் ஆகாது. எனவே தயிரைத் தோய்க்கும் வேலையை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோபாசில்லஸ் பல்காரிக்கஸ் என்ற வழக்கமான இணையிடம் விட்டுவிட வேண்டும். பல்காரிக்கஸ் குளிர்பதனத்திலும் மெல்லப் புளிப்பை ஏற்றிக்கொண்டே இருக்கும். சில ரகங்கள் ஹைட்ரஜன் பெராக்சைடையும் உண்டாக்கும். இரண்டுமே புரோபயாட்டிக்குக்குப் பகை. வித்து வாங்கும்போது, பிற்புளிப்பு குறைந்த மென்மையான வகை வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். வித்து வழங்குவோர் இதற்கான தரவைத் தருவார்கள்.

இனி எண்ணிக்கை. கோடெக்ஸ் என்ற அனைத்துலக உணவுத் தர அமைப்பு புளிக்கவைத்த பாலுக்கு வகுத்த தரநிலையின்படி, வித்து நுண்ணுயிர்கள் மொத்தமாகக் கிராமுக்குக் குறைந்தது 1 கோடியும், லேபிளில் பெயர் சொல்லப்படும் கூடுதல் நுண்ணுயிர் குறைந்தது 10 லட்சமும் இருக்க வேண்டும். இது குறைந்தபட்ச வரம்பே. ஒரு வேளைக்கு 100 கோடி என்பது கனடா போன்ற நாடுகள் பொதுவான புரோபயாட்டிக் கூற்றுக்கு ஏற்கும் அளவு. அதை இலக்காகக் கொள்வது நேர்மையானது. கிராமுக்கு 1 கோடி என்றால் 80 கிராம் கிண்ணத்தில் 80 கோடிதான் வருகிறது, இலக்கு தவறிவிடுகிறது. ஆகவே கடைசி நாளில் கிராமுக்கு 2 கோடி, கிண்ணத்துக்கு 160 கோடி என்று வைத்துக்கொள்வோம். சேமிப்பில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் என்று எச்சரிக்கையுடன் எடுத்துக்கொண்டால், தொடக்கத்தில் கிராமுக்கு 20 கோடி வேண்டும். கிராமுக்கு 10,000 கோடி கொண்ட தூளாக இருந்தால் 10 கிலோ கலவைக்கு 20 கிராம் தேவைப்படும். தூளின் விலையே பண்டத்தின் விலையைத் தீர்மானிக்கும் பெரிய செலவு என்பதால், இந்தக் கணக்கை முதல் நாளே போட்டுவிட வேண்டும்.

படி 3: நார்ச்சத்தைத் தேர்ந்தெடுத்தல்

பெரும்பாலான தவறுகள் இந்தப் படியில்தான் நேர்கின்றன. நார்ச்சத்து எல்லாம் ஒன்றே என்ற எண்ணத்தில் சந்தையில் கிடைப்பதைக் கொட்டினால், மறுநாள் காலையில் மேலே தெளிநீரும் கீழே மணல் போன்ற அடிப்படிவும் நிற்கும்.

இன்யூலின் என்ற கரையும் நார்ச்சத்து சிக்கரி வேரிலிருந்து எடுக்கப்படுவது. பாலில் நன்கு கரையும், நிறம் இல்லை, இலேசான இனிப்பு உண்டு. நீண்ட சங்கிலி வகை, கொழுப்பு குறைந்த தயிருக்குக்கூட ஆடை கலந்தாற்போன்ற மழமழப்பைத் தரும். முதல் தயாரிப்புக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் அமிலமும் சூடும் சேர்ந்தால் இது உடைந்து வெறும் சர்க்கரையாகிவிடும். 4 பாகையில் இருக்கும் தயிரில் கவலை இல்லை. காலமான்சி அல்லது மாம்பழக் கூழை அமில நிலையில் கொதிக்கவைக்கும்போது அந்தக் கூழுக்குள் இன்யூலினைச் சேர்க்கக் கூடாது.

ஓட்ஸின் பீட்டா-குளுக்கன் மிகச் சிறந்த நார்ச்சத்து. ஆயினும் பாலில் அளவு சற்றுக் கூடினாலும் புரதத்துடன் ஒத்துப்போகாமல் தனி அடுக்காகப் பிரியும். கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் பிசினும் அவ்வாறே. ஓரளவு சிதைக்கப்பட்ட குவார் பிசின் மட்டும் இந்தக் குறையின்றிக் கலந்துகொள்ளும். தேக்காவில் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும் இசப்கோல் உமி, தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சிக் கொழகொழப்பான கூழாகும்; கரண்டியால் உண்ணும் தயிரில் இதை நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் யாரும் விரும்பமாட்டார்கள். பச்சை வாழைக்காய் மாவில் செரிக்காத மாவுச்சத்து உண்டு; ஆனால் பாலைச் சூடாக்கும்போது அது பெரும்பாலும் வெந்து செரிக்கக்கூடியதாகிவிடும். அதை மூடியிலுள்ள உலர்ந்த கலவையில் சூடாக்காமல் சேர்ப்பதே முறை.

உள்ளூரில் ஏராளமாக மிஞ்சும் சோயாச் சக்கையான ஒக்காராவை இங்குக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. டௌஃபு, சோயாப் பால் ஆலைகளில் மிஞ்சும் அதன் உலர்ந்த எடையில் ஏறத்தாழப் பாதி நார்ச்சத்து. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைப் புளிக்கவைத்துப் புரோபயாட்டிக் பானமாக்கியிருக்கிறார்கள். வீணாகும் ஒன்றை உணவாக்கும் அந்த முயற்சி போற்றத்தக்கது. எனினும் தயிரில் அது சொரசொரப்பையும் பச்சைப் பயற்று வாடையையும் தரும். சோயா ஒவ்வாமை எச்சரிக்கையும் லேபிளில் சேரும். மிக நுண்ணிய தூளாக அரைத்து, வறுத்து, மூடிக் கலவையில் சேர்ப்பது நல்ல இடைவழி.

கிண்ணத்துக்குள் நார்ச்சத்தைத் தின்று பாக்டீரியா பெருகும் என்று விளம்பரங்கள் உணர்த்துவதை நம்ப வேண்டாம். 4 பாகையில் அவை வளர்வதில்லை. நார்ச்சத்து பாக்டீரியாவுக்கு உணவாவது பெருங்குடலில்தான். அங்கும் நாம் சேர்த்த ரகத்துக்கு மட்டுமன்றி, ஏற்கெனவே குடியிருக்கும் கூட்டத்துக்கும் அது உணவாகும். ஒரே வேளையில் அதிக இன்யூலின் வயிற்றுப் பொருமலையும் வாயுவையும் உண்டாக்கும் என்பதால், கிண்ணத்துக்கு 3 முதல் 4 கிராம் என்பது நிதானமான அளவு.

படி 4: கலவையும் தயாரிப்பும்

10 கிலோவுக்கான தொடக்கக் கலவை இது: முழுக்கொழுப்புப் பால் 8,980 கிராம், கொழுப்பு நீக்கிய பால் தூள் 300 கிராம், இன்யூலின் 450 கிராம், சர்க்கரை 250 கிராம், புரோபயாட்டிக் தூள் 20 கிராம். தோய்க்கும் வித்து, வழங்குவோர் குறிப்பிடும் மிகச் சிறிய அளவில் சேரும். இன்யூலின் தூளில் நூற்றுக்கு 90 பங்கு நார்ச்சத்து என்று கொண்டால், 100 கிராம் தயிரில் 4 கிராமும் 80 கிராம் கிண்ணத்தில் 3.2 கிராமும் வருகின்றன. பெண்களின் ஒரு நாள் தேவையில் இது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு.

பால் தூள், இன்யூலின், சர்க்கரை மூன்றையும் உலர்ந்த நிலையிலேயே ஒன்றாகக் கலந்துவிடுங்கள். பாலை 45 பாகைக்குச் சூடாக்கி, வேகமாகச் சுழலும் கலக்கியில் இந்தத் தூளைச் சிறிது சிறிதாகத் தூவ வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் வெளியே ஈரமும் உள்ளே உலர்ந்த மாவுமாகக் கட்டி தட்டும். அவ்வாறு விழுந்த கட்டிகள் பின்னர் எவ்வளவு கலக்கினாலும் கரைவதில்லை. அரை மணி நேரம் ஊறவிட்டு, 60 முதல் 65 பாகையில், கொழுப்பை நுண்துளிகளாக உடைக்கும் ஹோமோஜினைசரில் செலுத்தினால் ஆடை மேலே மிதக்காது.

அடுத்து 85 பாகையில் 30 நிமிடம், அல்லது 90 முதல் 95 பாகையில் 5 நிமிடம் சூடாக்க வேண்டும். கிருமிகளைக் கொல்ல இவ்வளவு சூடு தேவையில்லை. மோர்ப் புரதம் குலைந்து, பாலின் முதன்மைப் புரதமான கேசினுடன் பிணைவதற்காகவே இந்தச் சூடு. இந்தப் பிணைப்புத்தான் தயிரைக் கெட்டியாக்கி நீரைப் பிடித்துவைக்கிறது. கடையில் வாங்கும் பாஸ்சராக்கிய பாலை, ஏற்கெனவே காய்ச்சியதுதானே என்று இந்தப் படியைத் தவிர்த்துவிட்டுத் தோய்த்தால் தயிர் தளர்ந்தே நிற்கும்.

40 பாகைக்கு ஆற்றியபின் வித்தும் புரோபயாட்டிக்கும் சேர வேண்டும். வழக்கமான 42, 43 பாகையைவிட இது சற்றுக் குறைவு. தோய்வதற்கு ஒரு மணி நேரம் கூடுதலாகலாம், ஆனால் பிஃபிடோபாக்டீரியத்துக்கு இந்த வெப்பநிலை உகந்தது. சேர்த்தபின் காற்றுக் குமிழி புகாதபடி மெதுவாகக் கலக்கிக் கிண்ணங்களில் நிரப்பி மூடிவிட வேண்டும்.

புளிப்பை அளக்கும் பிஎச் அளவி இல்லாமல் இந்த வேலையைச் செய்யக் கூடாது; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். நான்கு மணி நேரத்துக்குப் பிறகு ஒவ்வொரு கால் மணி நேரமும் ஒரு மாதிரிக் கிண்ணத்தில் அளந்து, 4.6ஐத் தொட்டவுடன் குளிரூட்டத் தொடங்க வேண்டும். கிண்ணத்தின் நடுப்பகுதி குளிர நேரம் பிடிக்கும். அதற்குள் அது 4.4 அளவுக்கு இறங்கிவிடும். 4.4இல் குளிரூட்டத் தொடங்கியவரின் தயிர், மூன்றாவது வாரத்தில் 4.1க்கு அருகில் நிற்கும். புளிப்பை நாக்கு பொறுத்தாலும் பாக்டீரியா பொறுக்காது.

மஸ்லின் துணியில் வடித்த கெட்டித் தயிர் செய்ய விரும்புவோர் ஒன்றை மறக்கக் கூடாது. கரையும் நார்ச்சத்தைப் பாலிலேயே சேர்த்திருந்தால், அதில் பெரும்பங்கு வடிநீரோடு போய்விடும். வடித்தபின்பே அதைச் சேர்க்க வேண்டும். வடிநீரைச் சாக்கடையில் விடுவதற்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் கழிவுநீர் விதிகள் உண்டு. சிறிய கூடத்துக்கு வடிக்காத முறையே ஏற்றது.

படி 5: சோதனை

முதல் நாள், 7, 14, 21, 28ஆம் நாள், அதன்பின் 35ஆம் நாள் என ஒரே தொகுதியின் கிண்ணங்களைத் திறந்து பிஎச், உயிருள்ள எண்ணிக்கை, பிரிந்த நீர், சுவை ஆகியவற்றைப் பதிய வேண்டும். மொத்த லாக்டிக் பாக்டீரியா எண்ணிக்கை எதையும் நிரூபிக்காது. தோய்க்கும் வித்தும் அதில் சேர்ந்துவிடும். பிஃபிடோபாக்டீரியத்தை மட்டும் தேர்ந்து வளர்க்கும் ஊடகத்தில், ஆக்ஸிஜன் இல்லாத சூழலில், 37 பாகையில் 72 மணி நேரம் வளர்த்து எண்ணித் தருமாறு ஆய்வகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

நார்ச்சத்துச் சோதனையிலும் இதுபோன்ற கண்ணி ஒன்று இருக்கிறது. ஏஓஏசி என்ற பகுப்பாய்வு அமைப்பின் பழைய 985.29 முறை, ஆல்கஹாலில் படியாத குறுஞ்சங்கிலி நார்ச்சத்தையும் இன்யூலினின் பெரும்பகுதியையும் தவறவிட்டுவிடும். 450 கிராம் சேர்த்தும் அறிக்கையில் மிகக் குறைவாக வந்தால் மனம் தளர வேண்டாம். 2009.01 முறையிலோ, இன்யூலின் அடங்கும் ஃபிரக்டான் வகைக்கென்றே உள்ள 999.03 முறையிலோ அளக்கச் சொல்ல வேண்டும்.

ஈஸ்ட், பூஞ்சை, கோலிஃபார்ம், லிஸ்டீரியா சோதனைகள் கட்டாயம். அவற்றுக்கு இங்கு விளக்கம் தேவையில்லை.

அட்டவணையில் இல்லாத ஒரு சோதனையையும் செய்யுங்கள். கிண்ணங்களை 30 பாகையில் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு மீண்டும் குளிர்பதனத்தில் சேர்த்து, கடைசி நாளில் திறந்து பாருங்கள். ஈரச்சந்தையில் வாங்கிய பையுடன் பேருந்தில் புளோக்குக்குத் திரும்பும் பாட்டியின் பயணம் அது. அந்தப் பயணத்துக்குப் பிறகும் 100 கோடி இருக்க வேண்டும்.

படி 6: சுவை

பாண்டான், குலா மலாக்கா, மாம்பழம், ஏலக்காய் ஆகியவை இங்குள்ள எல்லா இனத்தவர்க்கும் பழகிய சுவைகள். இலவங்க எண்ணெய், பட்டை எண்ணெய் போன்றவை பாக்டீரியாவைத் தடுக்கும் தன்மையுடையவை. மிகக் குறைவாகவே சேர்க்க வேண்டும். சுவைப்பவர் குழுவில் தயிர் உண்டு வளர்ந்தவர்களை மட்டும் வைத்துக்கொண்டால் புளிப்பைப் பற்றிய கருத்து ஒருதலையாகிவிடும். ஆசியரில் பலருக்கு லாக்டோஸ் செரிப்பதில்லை. உயிருள்ள தயிர் வித்து அதைச் செரிக்கத் துணை செய்வதால் பாலைவிடத் தயிர் அவர்களுக்கு எளிது என்பதையும் அவர்களிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லலாம்.

படி 7: விதிகளும் லேபிளும்

கடைகளுக்கு வழங்கும் தயாரிப்பு, சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் பெற்ற கூடத்தில் செய்யப்பட வேண்டும். சொந்தமாகக் கூடம் அமைக்குமுன், செனோக்கோவில் உள்ள ஃபுட்பிளாண்ட் என்ற பகிர்வுக் கூடத்தில் சிறு தொகுதிகளாகச் செய்து பார்க்கலாம். சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரியின் உணவுப் புத்தாக்க, வள நிலையம் கலவை வடிவமைப்பிலும் ஆயுள் சோதனையிலும் உதவுகிறது.

லேபிள் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும்; சேர்மானங்கள் எடை வரிசையில், பால் முதலிய ஒவ்வாமைப் பொருள்கள், காலாவதி தேதி ஆகியன தெளிவாக அச்சிடப்பட வேண்டும். நார்ச்சத்தின் மூலம் என்று சொல்ல 100 கிராமில் 3 கிராமும், நார்ச்சத்து மிகுந்தது என்று சொல்ல 6 கிராமும் வேண்டும் என்பது கோடெக்ஸ் அளவு. நம் கலவை முதல் கூற்றுக்கு உரியது, இரண்டாவதற்கு அன்று. புரோபயாட்டிக் செரிமான மண்டலத்தின் நலனைப் பேண உதவுகிறது என்ற வகைக் கூற்றுகளுக்கே இடமுண்டு. மலச்சிக்கலைக் குணமாக்கும், நீரிழிவைத் தடுக்கும் என்று எழுதக் கூடாது. அப்படி எழுதுவது சட்டத்துக்கு முரணானது என்பதோடு, நோயுற்றவருக்குச் செய்யும் தீங்குமாகும்.

இதே கலவையைத் தளர்த்திக் குடிக்கும் தயிராக விற்றால், பானங்களைச் சர்க்கரை, நிறைகொழுப்பு அளவுப்படி ஏ முதல் டி வரை தரம் பிரிக்கும் நியூட்ரி-கிரேடு விதிகள் பொருந்தும். 2022 டிசம்பர் 30 முதல் நடப்பிலுள்ள அந்த முறையில் சி, டி தரம் பெறும் பானங்கள் அதைப் பொதியில் காட்டியாக வேண்டும். டி தரத்தை விளம்பரப்படுத்தவும் முடியாது. கெட்டித்தன்மைக்கு ஜெலட்டின் சேர்க்காமல் பெக்டினோ அகர் அகரோ பயன்படுத்தினால் சைவ உணவினரும் உண்ணலாம், சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸின் ஹலால் சான்றிதழுக்கான பாதையும் எளிதாகும். வித்து வளர்க்கப்பட்ட ஊடகத்தின் ஆவணத்தையும் அதற்கெனக் கேட்டு வாங்கிவைக்க வேண்டும்.

படி 8: பொதியும் குளிர்ச் சங்கிலியும்

மெல்லிய பாலிஸ்டைரீன் கிண்ணம் ஆக்ஸிஜனை உள்ளே விடும். பிஃபிடோபாக்டீரியத்துக்குத் தடித்த பாலிப்ரொப்பிலீனோ, ஆக்ஸிஜன் தடுப்பு அடுக்குள்ள கிண்ணமோ நல்லது. ஓட்ஸ் இருக்கும் மூடி அறை தயிரிலிருந்து முழுவதுமாக அடைபட்டிருக்க வேண்டும். கூடத்திலிருந்து கடைத்தட்டு வரை 4 பாகையைக் காக்க, குளிர்ச் சங்கிலிக்கான எஸ்எஸ் 668 தரநிலையைப் பின்பற்றுங்கள். ஒவ்வொரு விநியோகப் பெட்டியிலும் ஒரு வெப்பப் பதிவுக் கருவியை வைத்து, அதன் பதிவைத் தொகுதி எண்ணுடன் கோப்பில் சேர்த்துவையுங்கள்.

மூன்று தொகுதிகள் அடுத்தடுத்து 28ஆம் நாளில் இலக்கைத் தாண்டிய பிறகே உலர்ந்த வில்லைகளைத் தொட வேண்டும். அதே தயிரை உறைநிலையில் உலர்த்தும்போது கொழுப்பு நீக்கிய பால் தூளும் ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையும் பாக்டீரியாவுக்குக் காப்பாக நிற்கும். உணவில் கட்டற்று இருக்கும் நீரின் அளவுகோலான நீர்ச் செயற்பாடு 0.25க்குக் கீழே இருக்க வேண்டும். அலுமினிய அடுக்குப் பையில் நைட்ரஜன் நிரப்பி, ஒரே முறை திறந்து முடிக்கும் அளவில் 10 கிராம் பொட்டலங்களாக அடைப்பது நம் காலநிலைக்கு ஏற்றது.